வாசகர் கேள்விகள்: வாசித்தவர் ஏன் குழல் செய்யப் போனார்?

(தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்துக் கிறிஸ்தவக் கோயில் ஒன்றில் கால் ஆர்மோனியம் வாசித்துத் தொடங்கி, ஜெர்மனியில் சர்ச் இசை படித்து, இன்று அங்கேயே குழல் ஆர்கன்களை (விரலால் கட்டையை அழுத்தினால் குழல்களுக்குள் காற்று போய் ஒலிக்கும் பெரிய வாத்தியம்) கட்டியும் பழுதுபார்த்தும் வரும் நம் வாசகி ஒருவர், சென்ற இதழில் தன் வேலையைப் பற்றி எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு அவரே பதில் தருகிறார்.)

இத்தனை வருஷம் செலவு செய்து வாசிக்கப் படித்துவிட்டு, கடைசியில் உளியும் இழைப்புளியும் எடுத்தது ஏன்? வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா?
– ஒரு தாயார், பாளையங்கோட்டை

சொன்னார்கள் அம்மா. "மேடையில் உட்கார வேண்டியவள் மரத்தூளுக்குள் நிற்கிறாளே" என்று என் அம்மா ஒரு வருஷம் போனில் அழுதார். அப்பா மட்டும் எதுவும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் கோயிலில் இருந்தது கால் ஆர்மோனியம். இரண்டு மிதிகளையும் மாற்றி மாற்றி மிதித்தால்தான் காற்று ஏறும். அப்பா ஆரம்பப்பள்ளி ஆசிரியர். ஞாயிறு ஆராதனைக்கு அவர்தான் வாசிப்பார். மழைக்காலத்தில் கட்டைகள் ஊறி, அமுக்கினால் எழும்பாது. கோடையில் துருத்தித் தோல் வெடித்துக் காற்று ஒழுகும். சனிக்கிழமை சாயங்காலம் பின்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, கோயில்பிள்ளை (கோயில் பணியாளர்) டார்ச் அடிக்க, அப்பா ஒவ்வொரு பித்தளை நாக்காக உருவுவார். பழைய பல் பிரஷால் தூசி தட்டி, திரும்பவும் செருகுவார். எனக்கு அப்போது ஏழெட்டு வயசு. எந்த நாக்கு எந்தப் பொந்திலிருந்து வந்தது என்று மாறிப்போகாமல் பாயில் வரிசையாக அடுக்குவது என் வேலை. பாமாலைப் பாட்டு ஒன்றை முழுசாக வாசிக்கத் தெரிவதற்கு முன்னாலேயே, அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் பியானோ, கிரேடு தேர்வுகள், சென்னை. எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கில்தான் முதன்முதலாகக் குழல் ஆர்கனைக் கேட்டேன். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பீட்டர் கொனாகர் செய்து, 1883இல் அங்கே வைத்தது. கீழ்ச்சுரக் குழல் ஒன்று பேசியபோது சத்தம் காதுக்கு வருமுன் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு வந்தது. அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

ஜெர்மனியில் படிக்கும்போது கைச்செலவுக்காக ஒரு கிராமக் கோயிலில் வாசித்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒரு ஞாயிறு, கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஒரு குழல் நிற்காமல் ஊளையிட ஆரம்பித்தது. அந்தக் குழல் இருந்த வரிசையை மூடிவிட்டு, மீதிக் குழல்களை வைத்து ஆராதனையை ஒப்பேற்றினேன். செவ்வாய்க்கிழமை வயதான ஒரு தொழிலாளி வந்தார். குழல்களுக்கு அடியில் காற்று நிற்கும் காற்றுப்பெட்டியைத் திறந்தார். அடைப்புத் தட்டு ஒன்று மூடாமல் நின்றது. நடுவில் நகத்துண்டு அளவு மரச்சீவல் ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "வந்ததுதான் வந்தேன், சுருதியும் பார்த்துவிடுகிறேன், கட்டை பிடிக்கிறாயா?" என்றார்.

கட்டை பிடிப்பது என்றால் இதுதான்: அவர் ஆர்கன் கூட்டுக்குள்ளே, குழல்களுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாமல் நிற்பார். "அடுத்தது" என்று குரல் வரும். நான் அடுத்த கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நாலு மணி நேரம். சேராத இரண்டு குழல்கள் சேர்ந்து ஒலிக்கும்போது வ்வா வ்வா என்று ஓர் அலை அடிக்கும். அவர் குழலின் மேல்முனையில் பித்தளைக் கூம்பு ஒன்றை வைத்து ஒரு தட்டு தட்டுவார். அலை மெதுவாகும். இன்னொரு தட்டு. இன்னும் மெதுவாகும். பிறகு நின்றுவிடும். அந்த நிற்கிற இடத்தை அன்றுதான் கேட்டேன். அதுவரை நான் வாசித்ததெல்லாம் வேறு யாரோ சேர்த்து வைத்துவிட்டுப் போன சுருதி.

அடுத்த கோடையில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "அங்கே துருத்திக்கு என்ன தோல் போடுகிறார்கள்?"

ஆட்டுத்தோல்தான், பெரும்பாலும்.

அக்கா, ஆறாயிரம் ரூபாய் கீபோர்டில் ஆர்கன் சத்தம் வருகிறது. அப்புறம் எதற்கு இத்தனை ஆயிரம் குழல்? உள்ளே என்னதான் நடக்கிறது?
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, கீபோர்டை நான் குறைவாகப் பேசமாட்டேன். எங்கள் ஊர்க் கோயிலில் இன்று வாசிப்பது அதைத்தான். ஆனால் கீபோர்டில் எல்லாச் சுரமும் ஒன்றிரண்டு ஸ்பீக்கர் வழியாக வருகிறது. இங்கே ஒவ்வொரு சுரத்துக்கும் சொந்தமாக ஓர் உடம்பு, நிற்க ஓர் இடம். ஒரு வரிசையில் கட்டைக்கு ஒரு குழல். இரண்டு வரிசை திறந்தால் ஒரே விரலுக்கு இரண்டு குழல் பேசும்.

குழலில் இரண்டு சாதி உண்டு. ஒன்று விசில் மாதிரி. குழலின் வாய்க்குள்ளே படுக்கையாக ஒரு தகடு இருக்கிறது. அதற்கும் கீழுதட்டுக்கும் நடுவில் நூல் அளவு இடுக்கு. காற்று அந்த இடுக்கில் மெல்லிய நாடாவாகக் கிளம்பி மேலுதட்டில் போய் மோதும். உள்ளே, வெளியே, உள்ளே என்று அந்த நாடா ஆடும்போது, குழலுக்குள் இருக்கும் காற்றுத்தூண் அதைத் தன் நீளத்துக்கு ஏற்ற தாளத்தில் பிடித்துக்கொள்கிறது. திறந்த குழல் எட்டடி இருந்தால், கிட்டத்தட்ட 2.4 மீட்டர், வினாடிக்கு ஏறக்குறைய 65 அதிர்வு. 32 அடிக் குழல் சுமார் 10 மீட்டர், மூன்று மாடி உயரம். மேல்முனையை மூடிவிட்டால் பாதி நீளத்திலேயே அதே சுரம் வரும். இடம் போதாத கோயில்களில் அப்படித்தான் சமாளிப்பார்கள். மேல் சுரங்களுக்குப் போனால் குழல் பென்சிலைவிட மெலிந்துவிடும்.

இன்னொரு சாதி நாக்குக் குழல். நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, இதற்கு ஒற்றைப் பித்தளை நாக்கு. அந்த நாக்கில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு வளைவு வேண்டும். இரும்பு உருளையால் நீவி நீவித்தான் அதைக் கொண்டுவர வேண்டும். வளைவு குறைந்தால் நாக்கு ஒட்டிக்கொண்டு குழல் அடைத்துப்போகும். கூடினால் பேசவே பேசாது. எனக்கு இன்றும் சிரமமான வேலை இதுதான்.

உலோகத்தைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல ஆசை. வெள்ளீயமும் காரீயமும் கலந்து உருக்கிய கலவையை நீண்ட மேசைமேல் தகடாக வார்ப்போம். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பதம் தட்டுப்படும். அதிரசத்துக்குப் பாகு பார்க்கிற மாதிரியேதான், கரண்டி கைக்குச் சொல்லும். அந்த நொடியில் அடியில்லாத பெட்டி ஒன்றில் ஊற்றி, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து மேசை நெடுக நடக்க வேண்டும். நிற்கவும் கூடாது, ஓடவும் கூடாது. பின்னால் விரியும் தகடு முதலில் கண்ணாடி மாதிரி இருக்கும். பிறகு ஒரு கோடியிலிருந்து மங்கிக்கொண்டே வரும். இரண்டும் பாதிக்குப் பாதி கலந்த கலவையாக இருந்தால் மேலே பொட்டுப் பொட்டாகப் பூக்கும். பட்டறையில் அந்த ஒரு நிமிஷம் யாரும் பேசமாட்டார்கள்.

பழுதான பாகத்தை எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதானே பழுதுபார்ப்பது? 'மீட்டெடுத்தல்' என்று அதற்குத் தனிப் பெருமை எதற்கு?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருச்சி

ஐயா, நானும் அப்படி நினைத்துத்தான் ஒரு குழலைக் கெடுத்தேன்.

பட்டறையில் எனக்கு இரண்டாம் வருஷம். 200 வருஷத்துக்கு மேலான ஒரு கோயில் ஆர்கன். ஒரு குழல் மட்டும் தயங்கித் தயங்கிப் பேசியது. முதலில் உஸ் என்று ஒரு மூச்சு, பிறகுதான் சுரம். என் காது வாசிப்பவர் காது. பக்கத்துக் குழல்களோடு இது ஒத்துப்போகவில்லை என்பது மட்டும்தான் அதற்குப் பட்டது. மேலுதட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் சரியாகும் என்று கத்தியை வைத்தேன். அரை மில்லிமீட்டர் இருக்கும். குழல் இன்னும் மோசமாகப் பேசியது. முதலாளி வந்து அதை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பற்றவைப்பில் முடி அளவு விரிசல். அங்கே காற்று ஒழுகிக்கொண்டிருந்தது. உதட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. இப்போது இருந்தது.

அவர் திட்டவில்லை. நான் வெட்டிய இடத்தில் மெல்லிய தகடு ஒன்றைப் பற்றவைத்து உதட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். குழலின் உடம்பில் என்ன செய்தோம், என்றைக்குச் செய்தோம் என்று என்னையே எழுதச் சொன்னார். அந்த எழுத்து இன்னும் அங்கே இருக்கிறது. பின்னால் வருகிற யாரும் அந்த ஒட்டை, முதலில் செய்தவரின் கை என்று நினைத்துவிடக் கூடாது.

எறிந்துவிடலாம் என்ற கருத்துக்கு என் பதில் ஹாம்பர்க் நகரத்துச் செயின்ட் யாக்கோபி கோயில் ஆர்கன். ஆர்ப் ஷ்னிட்கர் 1689 முதல் 1693 வரை கட்டியது. 60 வரிசை, சுமார் 4,000 குழல். 1720இல் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் அந்தக் கோயில் வேலைக்கு முயன்றிருக்கிறார், ஆனால் சேரவில்லை. ஷ்னிட்கர் அவ்வளவு பெரிய கைகாரர். அவரே தனக்கு முந்தின தலைமுறைகளின் நல்ல குழல்களை எறியவில்லை, தன் ஆர்கனுக்குள் சேர்த்துக்கொண்டார். 1917இல் முதல் உலகப் போருக்கு வெள்ளீயம் வேண்டும் என்று நாடெங்கும் முகப்புக் குழல்களைக் கழற்றி உருக்கினார்கள். யாக்கோபி ஆர்கனும் தப்பவில்லை. போருக்குப் பிறகு இதன் அருமையை எடுத்துச்சொல்லி ஊரைக் கூட்டியவர்களில் ஒருவர், நாவலாசிரியரும் ஆர்கன் கட்டுநருமான ஹான்ஸ் ஹென்னி யான். இரண்டாம் போரில் குழல்களையும் காற்றுப்பெட்டிகளையும் முன்கூட்டியே எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். 1944இல் குண்டு விழுந்து கோயில் எரிந்தபோது கூடுதான் போயிற்று. ஆர்கன் கட்டுநர் யூர்கன் ஆரெண்டின் கையில் மீட்பு வேலை 1993இல் முடிந்தது. நான் அந்த ஆர்கனைக் கேட்டிருக்கிறேன், ஐயா. 'புதிது போடலாம்' என்று யாராவது இடையில் முடிவு செய்திருந்தால் எனக்குக் கேட்கக் கிடைத்திருக்காது.

நல்லெண்ணத்தோடு செய்வதும் கெடுக்கும் என்பதற்கு லூபெக் நகரம் ஒரு பாடம். அங்கே செயின்ட் யாக்கோபி கோயிலில் 1637இல் ஸ்டெல்வாகன் என்ற ஆர்கன் கட்டுநர் விரிவாக்கிய சின்ன ஆர்கன் ஒன்று இருக்கிறது. அதன் பழைய ஈயக் குழல்கள் அடிப்பகுதியில் அரித்துப்போவதைப் பார்த்து, 2000களில் ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்று காரணம் தேடியது. ஓக் மரத்திலிருந்து வருகிற அசெட்டிக் அமில ஆவி, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலம், காற்றுப்பெட்டிக்குள் சேர்ந்து ஈயத்தைத் தின்றிருக்கிறது. நல்ல மரம் என்று தேடிப் போடுவது ஓக் மரம்தான். அதனால் இப்போது நாங்கள் ஒரு பலகையை மாற்றுவதற்கு முன் என்ன மரம், என்ன பசை என்று நூறு தடவை கேட்கிறோம்.

பெண்ணுக்கு ஏற்ற வேலையா? பாரம் தூக்க வேண்டாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, மதுரை

தூக்க வேண்டும். பெரிய மரக்குழலை ஆண்களும் தனியாகத் தூக்குவதில்லை. கயிறும் கப்பியும் நாலு கையும் சேர்ந்துதான் தூக்கும். ஆர்கன் கூட்டுக்குள் இடுக்கான இடத்தில் நுழைந்து வேலை பார்க்க என் உடம்பு வாகு உதவியே செய்கிறது. காரீயம் புழங்கும் இடம் என்பதால் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கமாட்டோம். பிள்ளை உண்டாகியிருக்கும் காலத்தில் உலோக வேலைப் பக்கமே போகக் கூடாது. இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் பிளஸ் டூ. கோயிலில் கீபோர்டு வாசிக்கிறேன், அப்பா தச்சர். இந்தத் தொழிலுக்கு எப்படி வருவது?
– மாணவி, நாகர்கோவில்

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பாதிப் படிப்பை உன் அப்பா ஏற்கெனவே வீட்டில் வைத்திருக்கிறார்.

ஜெர்மனியில் இது முறையான தொழிற்பயிற்சி. மூன்றரை வருஷம். பட்டறையில் வேலை பழக வேண்டும், இடையிடையே சில வாரங்கள் பள்ளிக்குப் போக வேண்டும். பள்ளி லுட்விக்ஸ்பர்க் நகரத்தில், ஆஸ்கர் வால்கர் என்ற ஆர்கன் கட்டுநர் பெயரில் இருக்கிறது. ஆர்கன் கட்டுவது, குழல் செய்வது என்று இரண்டு பிரிவு. பட்டறை உன்னை எடுத்துக்கொண்டால்தான் பள்ளி. ஆகவே முதலில் பட்டறை தேடு. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு, சொற்பம்தான். பின்னால் சொந்தப் பட்டறை வைக்க நினைத்தால் மாஸ்டர் தேர்வு எழுத வேண்டும். அந்த விதியை இடையில் எடுத்திருந்தார்கள், 2020இல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். 2017இல் ஜெர்மனியின் ஆர்கன் கைத்தொழிலையும் ஆர்கன் இசையையும் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது சொன்ன கணக்கு: சுமார் 400 பட்டறை, 2,800 தொழிலாளர், 180 பயிற்சியாளர். சின்ன உலகம். ஒருவரை ஒருவர் தெரியும். உன்னைப் பற்றி நல்ல பேச்சு ஒரு பட்டறையில் வந்தால் அடுத்த பட்டறைக்கும் போய்விடும்.

ஜெர்மன் மொழியை இன்றே தொடங்கு. பட்டறையில் உன்னிடம் யாரும் ஆங்கிலம் பேசமாட்டார்கள். வாசிப்பை விடாதே, ஆனால் அதை முன்னால் நிறுத்தாதே. நேர்முகத்தில் நான் என்ன வாசிப்பேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பலகையைக் கையில் கொடுத்து இழைக்கச் சொன்னார்கள். அன்று எனக்குச் சரியாக வரவில்லை, உனக்கு வரும். இந்த லீவில் அப்பாவோடு உட்கார்ந்து மர மூட்டு ஒன்று போடக் கற்றுக்கொள். வஜ்ஜிரம் (தோல், எலும்பிலிருந்து எடுக்கும் தச்சுப் பசை) காய்ச்சவும் கேட்டுக்கொள். உன் அப்பா அதை மறந்திருக்கலாம், தாத்தாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். நாங்கள் பழைய ஆர்கன்களில் இன்னும் அதே மாதிரிப் பசையைத்தான் காய்ச்சுகிறோம், ஏனென்றால் சூடும் ஈரமும் காட்டினால் பிரித்துவிடலாம். நமக்கு அடுத்து வருகிறவர் பிரிக்க முடிய வேண்டும் அல்லவா?

நம் வெயிலுக்கும் கரையானுக்கும் குழல் ஆர்கன் தாங்குமா?
– வாசகர், சென்னை

தாங்கவைக்கலாம், கவனிக்க ஆள் இருந்தால். சுருதிதான் முதலில் கெடும். வெப்பம் 1 டிகிரி ஏறினால் விசில் சாதிக் குழல்களின் சுருதி அரைச் சுரத்தில் 100க்கு 3 பங்கு ஏறும். நாக்குக் குழல் அந்த அளவுக்கு ஏறாது. அதனால்தான் காலையில் ஒன்றாகப் பேசிய இரண்டும் மத்தியானம் சண்டை போடுகின்றன. அப்போது நாக்குக் குழல்களை மற்றவற்றுக்கு ஏற்பத் திருத்துவோம், அதுதான் எளிது. குளிர்சாதனத்தை ஆராதனைக்கு மட்டும் போட்டு அணைப்பதைவிடப் போடாமலே இருப்பது கருவிக்கு நல்லது. மரத்தைக் கொல்வது வெப்பம் மட்டுமல்ல, ஏறி இறங்குகிற ஈரமும்.

ஆல்பர்ட் ஷ்வைட்சரை மருத்துவராகத்தான் நமக்குத் தெரியும். அவர் பெரிய ஆர்கன் வாசிப்பாளர், பழைய ஆர்கன்களை இடிக்காதீர்கள் என்று 1906லேயே நூல் எழுதியவர். 1913இல் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது பாரிஸ் பாக் சங்கம் அவருக்கு ஆர்கனைப் போலக் காலால் வாசிக்கும் கட்டைகளும் வைத்த பியானோ ஒன்றைக் கொடுத்தது. ஈரத்துக்கும் பூச்சிக்கும் பயந்து அதற்குத் துத்தநாகத் தகடு அடித்திருந்தார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்த ஆர்கன் ஒன்று பிலிப்பைன்ஸில், லாஸ் பின்யாஸ் ஊர்க் கோயிலில் இருக்கிறது. தியேகோ செரா என்ற ஸ்பானியத் துறவி 1816இல் தொடங்கி 1824இல் முடித்தார். 1,031 குழலில் 902 மூங்கில்! பூச்சி அரிக்காமல் இருக்க மூங்கிலைக் கடற்கரை மணலில் மாதக்கணக்கில் புதைத்து வைத்தாராம். புயல், நிலநடுக்கம் எல்லாம் பார்த்து ஓய்ந்துபோன அந்தக் கருவியை 1973இல் ஜெர்மனியின் பான் நகரத்துக் கிளைஸ் பட்டறைக்குக் கொண்டுபோய், 1975இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். மூங்கில் வெடித்துவிடக் கூடாது என்று பட்டறையில் ஓர் அறையையே பிலிப்பைன்ஸ் சூடும் ஈரமுமாக வைத்து வேலை செய்தார்கள். ஜெர்மன் குளிரில் அந்த அறைக்குள் போகிறவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்திருக்கும்.

வாசிப்பதை விட்டே விட்டீர்களா?
– வாசகி, கொழும்பு

இல்லை. சுருதி சேர்த்து முடிந்ததும் கடைசி அரை மணி நேரம் எனக்குக் கொடுத்துவிடுவார்கள். முதலில் எல்லா வரிசையையும் திறந்து, இரண்டு கையாலும் நிறையச் சுரங்களைச் சேர்த்து அழுத்துவேன், காற்று தாங்குகிறதா என்று பார்க்க. ஆர்கன் சோதிக்கப் போகிற இடத்தில் பாக் முதலில் அதைத்தான் செய்வாராம், நுரையீரல் நன்றாக இருக்கிறதா என்று. அப்புறம் ஒவ்வொரு வரிசையாக மூடிக்கொண்டே வந்து, ஒற்றை வரிசையில் பாமாலைப் பாட்டு ஒன்று.

போன ஜனவரியில் ஊருக்குப் போனேன். கோயிலுக்குக் கீபோர்டு வந்த பிறகு அந்தக் கால் ஆர்மோனியம் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. பின்பலகையைக் கழற்றினேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டார்ச் அடித்தார். பலகையின் உள்பக்கம் பென்சிலால் தேதிகள், அவர் கையெழுத்தில்: 'தோல் மாற்றியது', 'இரண்டு நாக்கு சுத்தம்', 'எலி'. பதினேழு வரி எண்ணினேன். இத்தனை வருஷத்தில் அதை நான் கவனித்ததே இல்லை, பலகை எப்போதும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். துருத்தி இரண்டு மடிப்பில் வெடித்திருக்கிறது, மேலே ஒரு நாக்கு உடைந்திருக்கிறது. அளவெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். தோல் வெட்டி வைத்தாயிற்று. நாக்குக்குப் பித்தளைத் தகடு அடுத்த வாரம் வருகிறது.